மெஷினுக்குப் போர்த்திய கம்பளி

தலைச்சோலை, ஏற்காடு

அன்பு மகள் ஃபெபிக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் ஆண்டவர் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், அம்மாவும் இப்போது சுகம். அந்த ‘இப்போது’ ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் அம்மா பக்கத்துக் கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். மூச்சுக்குத்தான் பஞ்சம், காதுக்கு ஒரு குறையும் இல்லை.

ஹாஸ்டல் சமையல்கட்டில் விறகுப் புகையிலேயே கிடந்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவளைச் சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, வீட்டில் மெஷினைக் கவனிக்க ஆள் இருக்கிறதா, இல்லையென்றால் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். வீட்டுக்கே போய்விடலாம் என்று அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நானும் நெஞ்சை நிமிர்த்தி, எஸ்டேட் ரைட்டராகக் கணக்கெழுதி நூறு பேரை மேய்த்தவனுக்கு நீங்கள் சொல்லும் ஆக்சிஜன் மெஷின் ஒரு பொருட்டா என்றேன். பாவம், படித்த மனிதர், நம்பிவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பனி இறங்கினால் எஸ்டேட்காரன் கை சும்மா இருக்காது, களத்தில் காயும் காப்பிக்கொட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடியாக வேண்டும். வீட்டில் காப்பிக்கொட்டை இல்லை, நீ வாங்கித் தந்த மெஷின்தான் இருந்தது. ஈரம் ஏறிவிடும் என்று அதற்கு ஒரு கம்பளியைப் போர்த்தி, மேலே தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கயிறும் கட்டினேன். நல்ல கட்டு, புயலடித்தாலும் அவிழாது. கொஞ்ச நேரத்தில் என்னவோ கீச்கீச்சென்று கத்தியது. இன்வெர்ட்டர்தான் என்று நினைத்து அதன் தலையில் ரெண்டு தட்டு தட்டினேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவுக்கு உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப்பை மாட்டினேன், விரல் சில்லிட்டுப் போனதால் நம்பரே வரவில்லை. கிளிப் கெட்டுவிட்டதோ என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன், தொண்ணூற்றேழு. உடனே ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று கத்தி, சாந்தா, தொண்ணூற்றேழு இருக்கிறது, பயப்படாதே என்று அவளுக்கே தைரியம் சொன்னேன். அவள் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, “ஏனுங்க, அது உங்க வெரலுங்க” என்றாள்.

ஓடிப்போய் அடுத்த வீட்டு நர்ஸ் தீபிகாவைக் கூட்டிவந்தேன். அந்தப் பெண் முதலில் அவசரத்துக்கென்று மூலையில் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றி மாட்டினாள். பிறகு கட்டை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை, கட்டியவன் நானே அரிவாளால் அறுத்தேன். உள்ளே மெஷின் அடுப்பாகக் கொதித்தது, கீச்கீச்சென்று கத்தியதும் அதுதான். “ஐயா, அதுவும் மூச்சு வாங்கற சாமானுங்க, மூஞ்சியில கம்பளி போட்டா எப்படிங்க காத்து இழுக்கும்?” என்றாள். உதட்டில் நிறம் திரும்பியதும் அம்மா சிரித்தாள், மூச்சு இளைக்க இளைக்கச் சிரித்தாள். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன் கண்ணு.

தீபிகா போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒருத்தராப் பார்க்கற வேலை இல்லீங்க இது, நொம்பக் கஷ்டமுங்க, இன்னொரு ஆளு கூட இருக்கோணும், இல்லீன்னா சேலத்துக்கே கொண்டு போயிருங்க” என்றாள். அது அம்மா காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து நான் மெஷின் பக்கம் போனால் பதறுகிறாள், ஆனாலும் ஆஸ்பத்திரி என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நீ வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் எதற்கு வீண் அலைச்சல், நான் இல்லையா என்று சொன்னேனே, அதெல்லாம் வெறும் வீறாப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது சாமி. லீவு கிடைத்தால் வா, உன் கையால் செய்து காட்டு, கற்றுக்கொள்கிறேன். அவளைச் சேலத்துக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.

மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நான் பயந்துபோய்க் கூப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லாதே. பார்க்க ஆசையாக இருந்தது, வந்தேன் என்று சொல். அவள் காதில் அதுதான் விழ வேண்டும்.

உன் அப்பா,
ஜேசுதாஸ்