இடக்கையால் ஒரு ஓவர்

14 மார்ச் 1931, சனி

துறைமுகத்தில் மூட்டை சரிந்து வலக்கை விரல்கள் நசுங்கியதிலிருந்து, எட்டு மாதமாக வீட்டுப் பின்சுவரில் இடக்கையால் பந்து வீசிப் பழகினேன். பாதிப் பந்து சாக்கடைக்குத்தான் போனது.

இன்று கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஆள் குறைந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எதிரணியில் கடைசி ஜோடி நின்றது. ஜெயிக்க அவர்களுக்கு நான்கே ஓட்டம். பந்தை நானே கேட்டேன். கேப்டன் காதர் அண்ணன் விழித்தார்.

"இடக்கையிலயா? தம்பி, தோத்துடுவோம் லா!"

"ஒரு ஓவர் குடுங்கண்ணே."

முதல் பந்து வைடு. பாடாங் திடலைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்தது தரையில் குத்தி, உள்ளே திரும்பி, நடுக்குச்சியைப் பிடுங்கி எறிந்தது. ஜெயித்துவிட்டோம்!

காதர் அண்ணன் ஓடி வந்து, மறந்துபோய் என் வலக்கையைப் பிடித்துக் குலுக்கினார். உயிர் போகிற வலி. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.