தேவாலயத்தின் அளவுகள்

கோலியர்ஸ் வுட், இலண்டன்
5.3.1989

அன்புள்ள கிரிஜாவுக்கு,

நான் நலம். வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் நீரும் நலமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். விசா மறுத்த கடிதத்தின் பிரதி வியாழக்கிழமை வந்தது. நீர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சின்னம்மா தொலைபேசியில் சொன்னா. சாப்பிடும். பிழை உம்முடையது அல்ல, முழுக்க என்னுடையது.

கணவருக்கு என்ன வேலை என்று அதிகாரி கேட்டதற்கு, “பழைய தேவாலயம் ஒண்டை அளந்து படம் கீறுறார்” என்று சொன்னீராம். விசாவுக்கு நான் கொடுத்த பத்திரத்தில் பெற்றோல் நிலையம் என்று இருக்கிறது. அதை மூன்று வருடமாக உமக்கு எழுதவில்லை. கட்டடத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்த மாப்பிள்ளை இங்கே கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து பெற்றோல் விற்கிறான் என்பதை என் கடிதத்திலிருந்து உம்முடைய அப்பா உரத்து வாசிக்க, வீடு முழுக்கக் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். வறட்டுக் கௌரவம். தேவாலயமும் பொய் இல்லை. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், சம்பளமில்லாமல். கூரை திருத்த அவர்களுக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. எனக்கும் பென்சில் பிடிக்க ஒரு இடம் தேவைப்பட்டது.

அப்பீலுக்காக, நான் உமக்கு எழுதிப் பிரதி எடுத்து வைத்திருந்த கடிதங்களை நேற்று யோகராஜா என்ற தமிழ் லோயரிடம் கொண்டுபோனேன். பிரிந்திருந்த காலத்திலும் கணவனும் மனைவியும் பாசமாக இருந்தார்கள் என்பதற்குக் கடிதம்தான் சாட்சியாம். மனுஷன் ஒரு மணித்தியாலம் வாசித்துவிட்டு, “அண்ணை, சுவர் மூண்டடி தடிப்பு எண்டு இருக்கு, சக்கிமுக்கிக் கல் எண்டு இருக்கு. அவவை நினைக்கிறன் எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே” என்றார். எனக்குக் காது சுட்டது.

ஆகவே அந்தக் கடிதங்களில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

தெற்குச் சுவரில் சாய்வாகக் குடைந்த ஒரு துவாரம் பற்றி எழுதியிருந்தேன். பக்க மண்டபத்தில் நின்றவர்களும் பலிபீடத்தைப் பார்க்க ஐந்நூறு வருடத்துக்கு முன் வெட்டியது. தரையிலிருந்து நான்கடி இரண்டங்குலம். அளந்த பிறகு குனிந்து பார்த்தேன். பீடத்துணியின் ஓரம் மட்டும் தெரிந்தது. கலியாணமான புதிதில், கிணற்றடியில் நின்றால் குசினி யன்னலுக்குள்ளால் உம்முடைய வலது கை மட்டும் தெரியும், அரிசி களைந்துகொண்டிருக்கும். உம்முடைய அம்மா நிற்பா என்று கிட்ட வரமாட்டேன். தேவையில்லாமல் இன்னும் இரண்டு வாளி அள்ளுவேன். அன்றைக்கு அந்தத் துவாரத்தடியில் நெடுநேரம் குனிந்து நின்றேன். உமக்கு எழுதியது அங்குலக் கணக்கு மட்டும்.

பங்குக் குருமாரின் பெயர்ப்பலகையில் 1349ஆம் ஆண்டுக்கு நேரே மூன்று பெயர்கள் இருப்பதாகவும், கொள்ளைநோயில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள் என்றும் எழுதினேன். அது எண்பத்தேழு ஐப்பசியில் எழுதிய கடிதம். யாழ்ப்பாணத்தில் சண்டை, தபால் இல்லை, பத்தொன்பது நாள் உம்மைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. நீர் உயிரோடு இருக்கிறீரோ என்று தெரியாமல்தான் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். எழுதாமல் விட்டால் நீர் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று பயம். அந்தக் கடிதம் உமக்கு மாசியில் கிடைத்தது. என்ன இது, செத்த பாதிரிமாரின் கணக்கு என்று பகிடி பண்ணி எழுதியிருந்தீர். அதை வாசித்து, பெற்றோல் நிலையத்தில் ஆட்கள் பார்க்க அழுதேன்.

இன்னொன்று. பீடம் இருக்கும் பகுதி மண்டபத்தோடு நேர்கோட்டில் இல்லை, வடக்கே சற்று விலகி நிற்கிறது. சிலுவையில் யேசுவின் தலை சாய்ந்ததைக் காட்டத்தான் அப்படி என்று பார்க்க வருபவர்களுக்குச் சொல்வார்கள். அளந்து பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய சுவரை இடிக்காமல் அதைச் சுற்றிப் புதியதைக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் சுவர் நின்றதால் இந்தப் பக்கத்து அளவு நூலை அந்தப் பக்கம் நேராகப் பிடிக்க ஏலவில்லை. உமக்கு வேலையை மறைத்து எழுதிய நானும் அப்படித்தான் கோணலாகக் கட்டியிருக்கிறேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. பகல் இரண்டிலிருந்து இரவு பத்து மணி வரை என் ஷிப்ட். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன், குசினி பொது.

நாம் சேர்ந்திருந்தது நாற்பத்தொரு நாள். உம்மை நினைக்காத நாள் ஒன்றும் போனதில்லை. உம்முடைய குரல் மறந்துகொண்டு வருகிறது, அதுதான் எனக்குப் பெரிய பயம். தொலைபேசியில் எல்லோரும் சுற்றி நிற்க “ஓம், ஓம்” என்று மட்டும் சொல்வது உம்முடைய குரல் அல்ல. எனக்கு நீர் வேண்டும், கிரிஜா. இதைவிட நல்லாக எழுத எனக்குத் தெரியவில்லை.

இனி எழுதும் கடிதத்தையும் அப்பீலில் சேர்க்கச் சொல்கிறார் யோகராஜா. அதிகாரி வாசிக்கட்டும், மொழிபெயர்க்கிறவர் வாசிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. ஆனால் பிரதி ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. இது உம்மிடம் மட்டும்தான் வருகிறது. முதலில் நீர் தனியாக ஒரு தரம் வாசியும். வாசித்த பிறகும் இந்தப் பெற்றோல்காரனிடம் வர மனம் இருந்தால் மட்டும் விசா அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடும்.

கந்தன் துணை.

உம்முடைய,
ஜம்புநாதன்