பின்னால் தட்ட ஆள் இல்லை

மட்டாஞ்சேரி
செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி

அன்புள்ள சுமாவுக்கு,

எனக்கு மூன்றாவது டிரெய்லர் ஓட்டும் சோதனை வரும் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இன்று பதினொரு மணிக்கு யார்டு சூப்பர்வைசர் வெங்கிடேஸ்வரன் சார் தன் வாயால் சொன்னார். பட்டியலையும் காட்டினார், அதில் என் பெயர் நாலாவது. இதுதான் கடைசி, இதிலும் போனால் கம்பெனி வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளும் என்றார்.

மூன்றாவது என்று படித்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். இரண்டாவது சோதனையில் தேறிவிட்டேன் என்று போன சனிக்கு முந்தின சனிக்கிழமை போனில் சொன்னேனே, அது உண்மை இல்லை. சொல்லும்போது உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன். கால் மணி நேரத்தில் அது பொய்யாகிவிட்டது. அதன்பிறகு பத்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். நம் ஒற்றை அறையில் மஞ்சுஷா எப்போதும் இரண்டு கை தூரத்தில்தான் இருக்கிறாள். அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தாளை அவள் பார்த்தாலும் தமிழ் எழுத்து அவளுக்கு வராது. மகளை மலையாளத்தில் படிக்க விட்டது இதற்காவது உதவுகிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கம்பெனி யார்டில் எண்ணெய் டிரம்களை இரண்டு வரிசையாக வைத்திருக்கிறார்கள். நடுவில் பன்னிரண்டு அடி. நாற்பது அடிக் காலி கன்டெய்னரோடு டிரெய்லரைப் பின்னால் எடுத்து அதற்குள் நிறுத்த வேண்டும். டிரம்மில் உரசக் கூடாது. மூன்று தடவைக்குமேல் முன்னால் எடுத்துத் திருத்தக் கூடாது. பாலத்தைத் தாண்டி வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினலுக்குள் ஓட்டிப் போவது எனக்குக் கஷ்டமே இல்லை. முன்னால் போகும்வரை அதுவும் ஒரு லாரிதான்.

பின்னால் எடுக்கும்போதுதான் எல்லாம் தலைகீழ். டெம்போவில் பின்பக்கம் இடது போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடது ஒடிப்பேன். இதில் வலது ஒடிக்க வேண்டும். வால் திரும்பத் தொடங்கியதும் உடனே மெல்ல இடதுக்குக் கொண்டுவந்து அதன் பின்னாலேயே போக வேண்டும். ஒரு நிமிஷம்கூட வேண்டாம், மூன்று எண்ணும் நேரம் தாமதித்தால் போதும், வண்டி கதவுக்கீல் மாதிரி மடங்கி நிற்கும். முதல் சோதனையில் அப்படி மடங்கித்தான் ஒரு டிரம்மை நசுக்கினேன். அதை உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

என் குறை ஸ்டியரிங்கில் இல்லை என்று இப்போது தெரிகிறது. பஜாரில் பத்தொன்பது வருஷம் டெம்போ ஓட்டியபோது நான் கண்ணாடியைப் பார்த்தே இல்லை. சுக்கு மூட்டை, மிளகு மூட்டை எது ஏற்றினாலும் பின்னால் இஸ்மாயில் நிற்பான். பாடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு என்றால் வரலாம். ஓங்கி ஒரு தட்டு என்றால் நில். ஒரு சாண் இடைவெளியில் குடோன் சுவரை ஒட்டி நிறுத்தியிருக்கிறேன், எல்லாம் அவன் கையைக் கேட்டுத்தான். கண்ணாடியில் பிள்ளையார் படம் ஒட்டியிருந்ததை நீயே கேலி செய்வாய்.

அந்தச் சனிக்கிழமை சுமை இறக்கும் வேலை இல்லையென்று இஸ்மாயில் யார்டுக்கு வந்தான். என் சாப்பாட்டுத் தூக்கை நீட்டிவிட்டுப் போவான் என்றுதான் நினைத்தேன். வெங்கிடேஸ்வரன் சார் கேட்டில் வேறு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எடுங்க சேட்டா, வந்துட்டே இருக்கேன் என்று அங்கிருந்தே கையைக் காட்டினார். நான் ரிவர்ஸ் போட்டேன். பின்னாலிருந்து இரண்டு தட்டு கேட்டது. காலிப் பெட்டி அல்லவா, கணீரென்று கேட்டது. அதற்குப் பிறகு நான் எதையுமே யோசிக்கவில்லை. கை தானாக ஒடித்தது, தானாகத் திரும்பியது. ஓங்கி ஒரு தட்டு. நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமான இடைவெளி. ஒரு தடவைகூட முன்னால் எடுக்கவில்லை.

அந்த இடத்தில் நின்றே உன்னைக் கூப்பிட்டேன். மணி பத்து இருபத்தைந்து. முடிவைச் சார் சொல்லட்டும் என்று ஒரு கால் மணி நேரம் காத்திருந்திருக்கலாம்.

சார் வந்தார். கன்டெய்னருக்குப் பின்னாலிருந்து இஸ்மாயில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் நின்ற இடத்துக்கும் மதில் சுவருக்கும் நாலு அடிதான் இருந்தது. திட்டவில்லை. டெர்மினலுக்குள்ள வண்டிக்குப் பின்னாடி ஆளே நிக்கக் கூடாது சேட்டா, அங்க உங்களுக்குத் தட்டறதுக்கு யாரு வருவாங்க என்று மட்டும் கேட்டார். தாளில் தோல்வி என்று எழுதினார். இஸ்மாயில் விடவில்லை. பத்தொம்பது வருஷமாட்டு தட்டுனது நான், ஓட்டுனது அவன், லைசன்ஸ் எனக்குல்ல சார் தரணும் என்றான். கேட்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

சாயங்காலம் உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. மேடத்திடம் சொல்லிவிட்டேன், இந்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை, டிசம்பரில் கல்ஃபை விட்டு வீட்டுக்கு வருகிறேன் என்று அழுதுகொண்டே சிரித்தாயே. மேடம் மஞ்சுஷாவுக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் எடுத்து வைத்ததையும் சொன்னாய். அதை நான் ஏழெட்டுத் தடவை கேட்டேன். கேட்டுவிட்டு, சரி என்று ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

மஞ்சுஷா நன்றாக இருக்கிறாள். சளி விட்டுவிட்டது. கணக்கில்தான் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாள், டீச்சர் சுமாரான பேப்பர் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். பீரோவின் நடுத் தட்டைக் காலி செய்து, துடைத்து, பாச்சை உருண்டை போட்டு, அம்மா துணிக்கு என்று சொல்லி வைத்திருக்கிறாள். என் சட்டைகள் இப்போது கொடியில் தொங்குகின்றன. நான் தரையில் சோப்பு டப்பாவைத் தீப்பெட்டியோடு நூலால் கட்டிப் பின்னால் தள்ளிப் பழகுவதைப் பார்த்து, பாஸாயிட்டு பின்னே எதுக்கப்பா இது, இதுகூட அறியில்லையா என்று கேட்டாள். டச் விட்டுப் போகக் கூடாதே என்றேன். அவளிடமும் பொய்.

இஸ்மாயில் சாயாக்கடைப் பக்கம் வருவதில்லை. அவனால்தான் எல்லாம் போயிற்று என்று நினைக்கிறான். நேற்று நானே யூனியன் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமலே ஒன்று சொன்னான். பாலையண்ணா, நீ கண்ணாடி பார்த்தாலும் அதுக்குள்ள என் கையைத்தான் தேடுறே என்றான். அது சரிதான்.

இந்தப் பத்து நாளில் தனியாகப் பதினேழு தடவை பின்னால் எடுத்துப் பார்த்தேன். ஐந்து தடவை ஒழுங்காகப் போனது. நேற்று நாலில் ஒன்று. இன்று மூன்றில் ஒன்று, அதிலும் மூன்று தடவை முன்னால் எடுத்துத் திருத்தினேன். வெங்கிடேஸ்வரன் சார் நல்ல மனிதர். மதியம் சாப்பிடும் நேரத்தில் வண்டியைத் தருகிறார். ஆனால் எனக்காக விதியை மாற்ற அவரால் முடியாது, மாற்றச் சொல்லி நானும் கேட்க மாட்டேன்.

டெம்போ இனி இல்லை. முதலாளி குடோனை ஹோட்டலுக்குக் கொடுத்துவிட்டார். நான் வண்டி நிறுத்திய இடத்தில் இப்போது வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கிறார்கள். இந்தக் கம்பெனி வேலையை நம்பித்தான் நீ வரலாம் என்று நாம் முடிவு செய்தோம்.

முடிவை மாற்றுவதென்றால் மேடத்திடம் வியாழக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றாய். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை ஏஜென்சியிலிருந்து வேறு பெண் வந்துவிடுவாள் என்றும் சொன்னாய். என் சோதனை வெள்ளிக்கிழமை. ஒரு நாள் முன்னால் வைக்க முடியுமா என்று சாரிடம் கேட்டேன். வேறு பரிசோதகர் வருகிறாராம், முடியாது என்றார்.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று மேடத்திடம் போய்ச் சொல் என எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. சொல்லாதே, வந்துவிடு என்று எழுத எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. பதினேழில் ஐந்து என்ற கணக்கைத் தவிர உனக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. அதை வைத்து நீயே முடிவு செய். எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேடத்திடம் என்ன சொன்னாய் என்பதை வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்குச் சொல்லாதே. வண்டியில் ஏறும்போது என் காது காலியாக இருக்கட்டும்.

மதுரைக்கார மீனாட்சி உன்னைக் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே. நான் வண்டி எடுக்கும்போது உனக்கு மணி ஏழரை. முடிவைப் பதினொரு மணிக்குச் சொல்வதாகச் சார் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை அவர் சொன்ன பிறகுதான் கூப்பிடுவேன்.

உன்
பாலையா