பாதி கறுப்பு, பாதி வெள்ளை

மார்ச் 3, செவ்வாய்

பத்திரிகை அலுவலகத்தின் பழைய இதழ்களைப் படமெடுத்து வைத்த நெகட்டிவ் ஃபிலிம் சுருள்களை ஸ்கேன் செய்து முடித்து, சுருள்களைத் திருப்பி அனுப்பியாயிற்று. எல்லாப் பக்கமும் கறுப்பில் வெள்ளை எழுத்து. அச்சில் இருந்ததுபோல் வெள்ளையில் கறுப்பாக மாற்றித் தர வேண்டும். கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றும் கணினிக் கமாண்டை எழுதித் தம்பியிடம் காட்டினேன். “ஒரே வரிதானா? இதுக்கா ரெண்டு நாள் கேட்டே?” என்றான், வாடிக்கையாளர் முன்னால். இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டுத் தம்பி கடையில் சுருள் மாட்டுகிற நான் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், இன்னமும் கேட்க வேண்டியதுதான்.

மார்ச் 4

போகவில்லை. தலைவலி என்று சொல்லச் சொன்னேன். மனைவி ஃபோனில் “அவருக்குக் கோபம்” என்று சொல்லிவிட்டாள்.

மார்ச் 5

கடை திறந்த அன்று ரிப்பன் வெட்டத் தம்பி தன் மாமனாரைக் கூப்பிட்டான். கத்திரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அவனுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

தம்பி ஃபோனில் கூப்பிட்டான். “எத்தனை தடவ போட்டாலும் பாதி கறுப்பாவே இருக்குண்ணே.”

நகல் எடுக்காமல் மூலக் கோப்புகள் மீதே கமாண்டை ஓட்டியிருக்கிறான். பாதியில் கரண்ட் போயிருக்கிறது. வந்ததும் முதலிலிருந்து மறுபடி ஓட்டியிருக்கிறான். மாறியிருந்தவை பழையபடி திரும்பின, மாறாதவை மாறின. அதைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் பாதிகள் இடம் மாறினவே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

திங்கட்கிழமை ஒப்படைக்காவிட்டால் மீதி வருடங்களின் சுருள்கள் வேறு கடைக்குப் போய்விடுமாம். போகட்டுமே. எனக்கென்ன?

“மறுபடி ஓட்டுறதுக்கு முன்னால ஒரு பக்கத்தையாவது திறந்து பார்த்தியாடா?” என்று மட்டும் கேட்டேன்.

மார்ச் 7, சனி

போனேன். ஏன் போனேன்? தெரியவில்லை. அலங்கோலமான வேலை கண்ணை உறுத்துகிறது, அவ்வளவுதான்.

முதலில் நகல். பிறகு, ஒவ்வொரு பக்கமும் மொத்தத்தில் இருட்டா வெளிச்சமா என்று அளந்து, இருட்டாக இருந்தால் மட்டும் மாற்றும்படி நாலு வரி எழுதினேன். மதியத்துக்குள் எல்லாம் வெள்ளை. தம்பி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

மார்ச் 9

ஒப்படைத்தாயிற்று. மீதிச் சுருள்களும் எங்களுக்கே. பாராட்டையெல்லாம் அவனே வாங்கிக்கொண்டான்.

மார்ச் 15, ஞாயிறு

பொழுது போகாமல் வீட்டில், ஒப்படைத்த பக்கங்களின் நகலைப் புரட்டினேன். ஒரு முதல் பக்கம் வெள்ளைவெளேர் என்று இருந்தது, நடுவில் ஒரே ஒரு வரி. ஓரம் மட்டும் கறுப்பு. கோப்பின் தேதியைப் பார்த்தேன். பத்திரிகையை ஆரம்பித்தவர் இறந்த மறுநாள் இதழ் அது. முழுப் பக்கத்தையும் கறுப்பாக அச்சிட்டு, அவர் பெயரை மட்டும் வெள்ளையில் விட்டிருக்கிறார்கள். தம்பி ஓட்டியதில் சரியாக வந்திருந்த அதை என் நாலு வரி இருட்டு என்று கண்டுபிடித்துத் துடைத்து வைத்துவிட்டது.

வேறெந்தப் பக்கத்தையும் விட இதைத்தான் அவர்கள் முதலில் தேடுவார்கள். இதுவரை யாரும் திறக்கவில்லை போலிருக்கிறது.

சொல்லித் தொலைக்கணுமா? அவனைத் திறந்து பார்த்தியாடான்னு கேட்ட வாயால? சொல்லலைன்னா கடை பேரு போகும். போனா அவனுக்குத்தானே போகும்... சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு நானே தம்பியை ஃபோனில் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டான்.

“நீயுமாண்ணே?”

மார்ச் 16

எல்லாப் பக்கத்தையும் இருவரும் பாதிப் பாதியாகக் கண்ணால் பார்த்தோம். வேறு பிழை இல்லை. திருத்திய பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நல்லவேளை, நீங்களே சொன்னீர்கள் என்றார்கள். தம்பிதான் வண்டி ஓட்டினான், நான் பின்னால். திரும்பும் வழியெல்லாம் “நீயுமா, நீயுமா” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான், முதுகு குலுங்க. கோபம் வரவில்லை. களைப்பாக இருக்கலாம். சிக்னலில் நின்றபோது நானும் சிரித்துவிட்டேன்.