பழனி என்று சொல்லாத சாட்சி

1958 பங்குனி, புதன் இரவு.

என் சட்ட ஆராய்ச்சிக்காக இன்றும் திண்டுக்கல் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். பாலசமுத்திரத்திலிருந்து சாட்சி சொல்ல வந்தவளிடம், "அன்னிக்கு எந்த ஊருக்குப் போயிருந்தே?" என்று வக்கீல் கேட்டார்.

"மலைக்கோயில் ஊருக்குங்க."

"ஊர்ப் பேரச் சொல்லும்மா."

"அது எங்க வீட்டுக்காரர் பேருங்க. எப்படிங்க சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். பழனி என்று அவள் வாய்திறக்கவே இல்லை. மழுப்புகிறாள், இவள் சாட்சியை நம்பக்கூடாது என்றார் வக்கீல்.

சாப்பிடும்போது வீட்டில் அவரிடம் சொன்னேன். "இதெல்லாமா ஆராய்ச்சி? தீர்ப்ப மட்டும் எழுதுனாப் போதும்" என்றார்.

போதாது. என் முதல் அத்தியாயமே அவள்தான்.

இந்த டைரியில் இன்று இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். என் புருஷன் பெயரை நானும் எழுதவில்லை. 'அவர்' என்றுதான் இருக்கிறது. அதையும் அந்த அத்தியாயத்திலேயே எழுதுவேன்.