வெள்ளைக் கொழுப்பு

எண்ணெய் வயலில் இருக்கும் உங்களுக்கு ரௌஷான் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போனில் பேசினால் உங்கள் தம்பி பெகேன் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால்தான் கடிதம்.

நேற்று குளிர்காலத்துக்கு மாடு அறுத்தோம். தோலை உரித்ததும் எனக்குப் பகீரென்றது. கொழுப்பு பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது! கோடையில் மலைப்புல், குளிரில் காய்ந்த புல், வேறெதுவும் தராமல் வளர்க்கிற நம் மாட்டுக்குக் கொழுப்பு மஞ்சளாகத்தானே இருக்கும்? அந்த மஞ்சளைப் பார்த்துத்தானே அல்மாத்தி நகரத்து ஓட்டல்காரர் நம்மிடம் வாங்குகிறார்? குடல் கழுவ வந்த பக்கத்து வீட்டு கனிபா சும்மா இருப்பாளா? "என்னடி ரௌஷான், உங்க வீட்டுக் கொழுப்பு இப்படி வெளுத்துப்போச்சு? மாட்டுக்கு மூட்டை மூட்டையா பார்லி போடுற அளவுக்கு வசதி வந்துடுச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மாடுகளை மேய்த்துவருகிற பெகேனைக் கேட்டேன். "மலையில புல்லு சரியில்ல அண்ணி, அதான் கொஞ்சம் பார்லி" என்று கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இந்த வருடம் பெய்த மழைக்கா புல் இல்லை? யாரிடம் கதை விடுகிறார்!

இன்று காலை குதிரையேறி நானே நம் மலைப் புல்வெளிக்குப் போனேன். முழங்கால் உயரத்துக்குப் புல் காய்ந்து நிற்கிறது. சுற்றிலும் புதுக் கம்பிவேலி. உள்ளே இருந்த காவல்காரன், "இது வசந்தத்துலயே கைமாறிடுச்சும்மா. மாட்டை இந்தப் பக்கம் ஓட்டிட்டு வராதீங்க" என்றான்.

திரும்பி வந்து பெகேனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "என்னை ஏன் அண்ணி உலுக்குறீங்க? குத்தகை அண்ணன் பேர்ல இருக்கு. அவர் கையெழுத்து போடாம நான் எப்படி அதை வேற ஆளுக்கு மாத்துறது? அவரையே கேளுங்க" என்கிறார். அண்ணன் மேலேயே பழி போடுகிறார், பாருங்கள்.

வசந்தத்தில் நீங்கள் விடுப்பில் வந்தீர்கள். எப்போதும் தேநீர்கூடக் குடிக்காமல் முதலில் மலைக்கு ஓடுகிற மனிதர், அந்த முறை ஒரு நாளும் மேலே போகவில்லை. கால் வலி என்றீர்கள். நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன்.

புல்வெளி இல்லாமல் இந்த மாடுகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? தீவனம் வாங்கிப் போட்டு நமக்குக் கட்டுப்படியாகுமா?

அல்லா உங்களைக் காப்பாற்றட்டும். குளிரில் தலையை மூடிக்கொள்ளுங்கள். பெகேன் சொல்வது பொய் என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள். போதும், நான் நம்பிவிடுகிறேன்.

உங்கள்
ரௌஷான்