நீ மாற்றிச் சொன்ன பதில்

நேற்றுக் காலை சந்தையில் ஒரு லோரியிலிருந்து முட்டைகோஸ் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உரித்துப் போட்ட மேல் இலைகள் மழையில் நசுங்கித் தரையெல்லாம் கிடந்தன. அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் புருஷன் அந்தோணியின் லோரி ஞாபகம் வந்துவிட்டது. முன் இருக்கையில் நாம் மூன்று பேர், உன் மடியில் இல்லாமல் என் மடியில் உன் குழந்தை. உன் அடக்கத்தன்று எனக்கு அழுகை வரவில்லை. மூன்று மாதம் கழித்து, கையில் காய்கறிப் பையோடு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நின்று அழுதேன்.

நாம் எப்படிச் சந்தித்தோம் என்பதை நீ எல்லோரிடமும் சிரிப்புக் கதையாகவே சொல்வாய். "அக்கா பரீட்சை வச்சாங்க, நான் பொய்யா எழுதி பாஸ் பண்ணிட்டேன்லா" என்பாய். எனக்கு அது சிரிப்பாக இருந்ததே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். கோலாலம்பூரில் உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி ஆய்வு. நகரத்து ஆஸ்பத்திரிகளில் செய்யலாம் என்றார் பேராசிரியர். நான்தான் தேயிலைத் தோட்டம் என்று அடம்பிடித்தேன். நான் கேமரன் மலைக்கு அதற்கு முன் ஒரே ஒரு தடவை, பள்ளிச் சுற்றுலாவில் போயிருக்கிறேன். குளிர், ஸ்ட்ராபெரி, போட்டோ. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மலை.

பிரிஞ்சாங்கைத் தாண்டிய உங்கள் தோட்டத்தில், சின்ன மருந்தகத்தின் பின்னறையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். காயத்துக்குக் கட்டுப் போட்டு மாத்திரை கொடுக்கும் டிரஸர் நல்ல மனிதர். உதவி செய்வதாக நினைத்து, நான் கேள்வி கேட்கும் நேரமெல்லாம் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியே இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது என் தவறு. அதன் கனம் எனக்கு அப்போது தெரியாது.

நீ வந்து உட்கார்ந்தாய். என்னைவிட ஒரு வயது சின்னவள். கொழுந்து வெட்டும் கத்தரி பிடித்து உள்ளங்கை காய்த்திருந்தது. குழந்தைக்கு நாலு மாதம். "கடந்த இரு வாரங்களில் மனச்சோர்வை உணர்ந்தீர்களா?" என்று வாசித்தேன். "இல்லங்க" என்றாய். "உறக்கமின்மை?" "இல்லங்க." இருபது கேள்விக்கும் அதே பதில், அதே சிரிப்பு. உனக்கு முன்னால் வந்த பெண்களும் அப்படித்தான். இந்தத் தோட்டத்தில் யாருக்குமே துக்கம் கிடையாது போலிருக்கிறது என்று அன்று குறிப்பேட்டில் எழுதினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

மறுநாள் மத்தியானம், கொழுந்தை எடை போட்டுவிட்டு எல்லோரும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போகும்போது, நீ மட்டும் மருந்தகத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தாய். டிரஸர் சாப்பிடப் போயிருந்தார். கூடையைக்கூட முதுகிலிருந்து இறக்கவில்லை.

"டீச்சர், நேத்துக் குடுத்த பதில மாத்தணும்."

"எந்தப் பதில்?"

"எல்லாம். எல்லாமே பொய்."

உட்காரச் சொன்னேன். நீ நின்றபடியே சொன்னாய். தூக்கமே இல்லை என்றாய். குழந்தை அழுதால் யார் வீட்டுப் பிள்ளையோ அழுவது போல இருக்கிறது என்றாய். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சந்தைக்கு வழி சொல்கிற குரலில், "அவள இடுப்புல வச்சுக்கிட்டு அந்தப் பள்ளத்துப் பக்கமா வரப்ப, கைய விட்டுட்டா என்னன்னு தோணுது. தெனமும் தோணுது" என்றாய்.

"இப்ப குழந்தை எங்கே?" என்றுதான் கேட்க முடிந்தது.

"ஆயாக்கொட்டகையில. பயப்படாதீங்க. அதுக்குத்தான் இப்பல்லாம் ரோட்டச் சுத்திக்கிட்டுப் போறேன்."

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கொட்டகைக்கு உன் லயத்திலிருந்து பள்ளத்தோரமாகப் போனால் ஐந்து நிமிஷம். ரோட்டைச் சுற்றினால் அரை மணி. நாலு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, குளிரில், தினமும் அந்தச் சுற்றுவழியில் நீ நடந்திருக்கிறாய். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பிற்பாடு எத்தனையோ பேருக்குச் சிகிச்சை செய்திருக்கிறேன். தன் பயத்திலிருந்து தன் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தாய் இவ்வளவு தூரம் நடந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. பைத்தியம்னு எழுதிட்டா பிள்ளையப் பிடுங்கிக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

சொல்ல மாட்டேன் என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன். ஆய்வுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அதை வாசித்துக் காட்டித்தான் தொடங்குவேன். ஆனால் கையை விட்டுவிடத் தோன்றுகிறது என்று ஒருத்தி சொன்ன பிறகு எப்படிச் சும்மா இருப்பது? பிரிஞ்சாங் டவுனுக்கு நடந்து போய் பேராசிரியருக்குப் போன் செய்தேன். "உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் பெரிசில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதே" என்றார்.

நீ என்னை மன்னித்தது எப்போது என்று தெரியாது. அன்று மன்னிக்கவில்லை. லயத்துக் குழாயடியில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தோணிகிட்ட சொல்லியாகணும். நீயும் கூட இருக்கணும். உன் முதுகுக்குப் பின்னால பேச மாட்டேன்" என்றேன். நீ தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். போகும்போது, "படிச்சவங்ககிட்ட வாயத் தொறந்தது என் தப்பு" என்றாய். அந்த வார்த்தை எனக்கு வலித்தது. அதில் நியாயம் இருந்ததால் இன்னும் வலித்தது.

அடுத்த நாள் நீயே வந்து, "வாங்க. கோலா தெர்லாவுலதான் மூட்டை ஏத்திக்கிட்டு இருக்காரு" என்றாய். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாய்.

கோலா தெர்லாவில், காய்கறித் தோட்டத்தின் ஓரத்தில் அந்தோணி லோரியின் பின்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். பள்ளத்தைப் பற்றியும் சொன்னாய். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அடிப்பாரோ என்று எனக்குப் பயம். நான் அவ்வளவு சினிமா பார்த்திருந்தேன்.

"நான் ஒண்ணு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் கடைசியில். "ஒனக்கு என்னையப் பிடிக்காமப் போச்சுன்னு. அதான் லோரியிலயே கெடந்தேன்."

நீ அழ ஆரம்பித்தது அப்போதுதான். நாலு மாதத்தில் முதல் அழுகை என்று பிறகு சொன்னாய்.

மறுநாள் விடிந்ததும், பின்னால் முட்டைகோஸும் முன்னால் நாமுமாகத் தாப்பா வழியே ஈப்போ ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். எத்தனை வளைவு அந்தப் பாதையில்! ரிங்லெட்டைத் தாண்டுமுன் எனக்கு இரண்டு தடவை வாந்தி. "நோயாளி யாருன்னு டாக்டர் குழம்பிடப் போறாரு" என்றாய். அது உன் முதல் நகைச்சுவை. மனநல டாக்டருக்கு மலாய்தான் வரும். உன் வார்த்தைகளை அந்தோணிதான் மலாயில் சொன்னார். பள்ளத்தைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஆனால் ஒன்றையும் விட்டுவிடவில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இது நோய், நீ கெட்ட தாய் இல்லை, இது குணமாகும் என்றார். அந்தோணி அதை மொழிபெயர்த்தார். நீ நம்பவில்லை. "இன்னொரு வாட்டி கேளுங்க" என்றாய். டாக்டர் இன்னொரு முறை சொன்னார்.

மாத்திரை உடனே கேட்கவில்லை. வாரங்கள் போயின. அந்தோணி நெடுந்தூர ஓட்டத்தை விட்டுவிட்டு மலைக்குள்ளேயே லோரி ஓட்டினார். காலையில் கொட்டகைக்குப் பிள்ளையை அவர் தூக்கிப் போவதைப் பார்த்து லயமே சிரித்தது. அவர் கவலைப்படவில்லை. பிறகொரு மத்தியானம் பனி மூட்டத்துக்குள்ளிருந்து உன் குரல் கேட்டது. "அக்கா, ஸ்டெல்லா சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு." அன்றுதான் நான் உனக்கு டீச்சரிலிருந்து அக்கா ஆனேன்.

கொஞ்சம் தேறியதும் என் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தாய். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாய். "மனச்சோர்வுன்னா இங்க யாருக்குத் தெரியும்? பிள்ளையத் தூக்கத் தோணாம இருந்துச்சான்னு கேளுங்க. டிரஸர் முன்னாடி கேட்காதீங்க. அவரு கிராணிகிட்ட சொல்வாரு, கிராணி தொரைகிட்ட சொல்வாருன்னு எல்லாருக்கும் பயம்." கணக்கெழுதும் கிராணியிடமோ தோட்ட மேலாளரான துரையிடமோ டிரஸர் சொல்லியிருக்கவே மாட்டார். ஆனால் பயத்துக்கு அது தெரியுமா?

அதுவரை செய்த பேட்டிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். பேராசிரியர் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. நீ தேயிலைச் செடிகளுக்கு நடுவே என் கூடவே வந்தாய். பெண்கள் தயங்கினால், "எனக்கும் இருந்துச்சு, ஈப்போவுல மருந்து சாப்பிட்டேன், போயிடுச்சு" என்பாய். அதற்குப் பிறகு அவர்கள் பேசினார்கள். அவர்களில் சிலரை அந்தோணியின் லோரியே ஈப்போவுக்குக் கொண்டு போனது.

கட்டி முடித்த ஆய்வேட்டைக் கொண்டுவந்து காட்டியபோது நன்றிப் பக்கத்தில் உன் பெயரைத் தேடினாய். "ஒரு தாய்க்கு" என்றுதான் இருந்தது. பெயர் போடக் கூடாது என்பது விதி என்றேன்.

"மறைக்கிறதுக்கு நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்றாய்.

இருந்தாலும் விதியை விடாமல் இத்தனை வருஷமும் உன் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. இந்த மடலிலும் உன் பெயர் இல்லை, பார்த்தாயா.

சர்க்கரை உன் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் பக்கத்துக் கட்டில் பெண்ணைக் காட்டி, "அவ ராவெல்லாம் தூங்கறதில்ல, போய் என்னன்னு கேளுங்க" என்று என்னை விரட்டினாய்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் ஆறு மாதம். அவள் பிறந்தபோது நடந்தது அவளுக்குத் தெரியாது என்று நினைத்து நான் பேச்சை வேறெங்கோ கொண்டுபோனேன்.

"ஆன்ட்டி, அம்மா எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாங்க" என்றாள். "பள்ளம், ரோடு, லோரி, எல்லாம். எனக்கு மாசமா இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே உட்கார வச்சுச் சொன்னாங்க. எனக்கு அப்படி ஏதாச்சும் தோணுச்சுன்னா வெட்கப்படாம உங்களக் கூப்பிடணுமாம்."

உன்னைப் போலவே, சந்தைக்கு வழி சொல்கிற குரலில் சொன்னாள். பயம் இருந்தது அந்தக் குரலில். வெட்கம் இல்லை. அந்தத் துணிவை நீதான் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

என் வீட்டு போன் நம்பரையும் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். இன்னும் இரண்டு வாரத்தில் பிரசவம். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் நான் மலையேறத்தான் போகிறேன்.